வீட்டில்தானே இருக்கிறாள்!

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் தாய்மார்களுக்கு ‘அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்’ என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். அட்டவணை எங்களிடம் இருக்கிறது. மாவு முந்தின நாளே அரைத்தாகிவிடும், காய் இரவே நறுக்கி ஃபிரிட்ஜுக்குப் போய்விடும். சிக்கலே காலை 10 மணிக்கு மேல்தான். லேப்டாப் முன்னால் உட்கார்ந்ததும் கேஸ் சிலிண்டர், கூரியர், பக்கத்து வீட்டுச் சாவி என எல்லாம் நம்மைத் தேடி வரும். வீட்டில்தானே இருக்கிறாள்!

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு!

2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. சரி, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு நகரத்தின் மறுகோடியில் இருக்கும் காப்பகத்தால் என்ன பயன்? வீட்டருகே உள்ள காப்பகக் கட்டணத்தை நிறுவனமே ஏற்கும்படி அரசு விதி வகுக்க வேண்டும்.

- ஒரு வாசகி, தாம்பரம்