கன்வெர்ட்டர் உரிமத்தில் இரண்டு வழி

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு சர்வர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் சர்வருக்கு வரும் மின்னழுத்தத்தைச் சிப்புக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் கன்வெர்ட்டருக்கு ஒரே ஒரு வரிதான். அதுவும், காப்புரிமை வைத்திருப்பவர்கள் லைசென்ஸ் விற்றே காசு பார்க்கிறார்கள் என்ற தொனியில். பவர் சப்ளை வடிவமைக்கும் வேலையில் இருப்பதால் இதை அப்படியே விட மனம் வரவில்லை.

என்விடியாவின் எச்100 சிப் 700 வாட் வரை இழுக்கும். உள்ளே அதற்கு வேண்டியதோ 1 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம். அப்படியானால் சுமார் 700 ஆம்பியர்! போகிற வழியில் 1 மில்லிஓம் மின்தடை இருந்தாலே 490 வாட் வெறும் சூடாகப் போய்விடும். அதனால் கன்வெர்ட்டர் சிப்பை ஒட்டியே இருந்தாக வேண்டும். அந்தக் கொஞ்ச இடத்துக்குள் அடங்கும் மின்சுற்றைக் கண்டுபிடிப்பவருக்குத்தான் இன்று மவுசு.

அமெரிக்காவின் விகோர் நிறுவனம் 1981-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. அதன் காப்புரிமையை மீறிய கன்வெர்ட்டர்களையும், அவற்றைப் பொருத்திய கணினிகளையும் இறக்குமதி செய்ய அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் 2025 பிப்ரவரியில் தடை போட்டது. லைசென்ஸ் வாங்கு, இல்லையென்றால் டிசைனை மாற்று என்பதுதான் இதன் பொருள். கடுமைதான். ஆனால் சொந்தக் காசில் ஆராய்ச்சி செய்து, சொந்த ஆலையில் தயாரிக்கும் கம்பெனி வேறு என்ன செய்யும்?

கட்டுரை சொல்லாமல் விட்டது வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் கதை. 1990-களின் பிற்பகுதியில் பேராசிரியர் ஃபிரெட் லீயின் குழு இன்டெல் பிராசசர்களுக்காக மல்டிஃபேஸ் ரெகுலேட்டர் என்ற கன்வெர்ட்டர் வகையை உருவாக்கியது. பல சிறு கன்வெர்ட்டர்கள் சுமையைப் பங்கு போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஸ்விட்ச் ஆகும். மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் காயில்கள் இந்த முறையில் இயங்குபவைதான். அவர்களுடைய ஆய்வு மையத்தில், காப்புரிமைக்கான சந்தா கட்டி உறுப்பினராகும் கம்பெனிகள் மையத்தின் காப்புரிமைகளை ராயல்ட்டி இல்லாமல் பயன்படுத்திக்கொள்ளலாம். தொழிலில் ஒன்றுக்கொன்று போட்டியான கம்பெனிகளும் அதே சந்தாதாரர்கள்தான்.

இந்த ஏற்பாடு எல்லாவற்றுக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுற்று வரைபடம் என்றால் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம், குறைந்துபோகாது. புதுவகை பேக்கேஜிங், அதாவது மின்சுற்றைச் சிறு கட்டாக அடைக்கும் முறை, என்றால் ஆலையே போட வேண்டும்; தனி உரிமை இல்லாமல் யாரும் அதில் முதல் போட மாட்டார்கள். இந்த இரண்டையும் பிரிக்காமல் எல்லா லைசென்ஸையும் வசூல் வேட்டையாகக் காட்டியது சரியில்லை.

ஒரு வாசகர்,
கோவை