பாதயாத்திரையும் சர்க்கரை மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தைப்பூசத்தை ஒட்டி, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து காங்கேயம், தாராபுரம் வழியாகவும், கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகவும் பழநிக்கு நடப்பவர்களில் சர்க்கரை நோயாளிகள் பலர் உண்டு. சர்க்கரை ஏறிவிடக் கூடாதென்று அவர்களை எச்சரிக்கும் நாம், அது இறங்கிவிடுவதைப் பற்றிப் பேசுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களுடன் நடந்த என் மைத்துனர், விரதமென்று காலை உணவை விட்டுவிட்டு, சர்க்கரையைக் குறைக்கும் கிளைமிபிரைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கியிருந்தார். உச்சி வெயிலுக்கு முன்பே சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியபோது, அருள் வந்துவிட்டதென்று திருநீறு பூசியவர்களில் நானும் ஒருவன். கூட வந்த செவிலியர் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 48 காட்டியது; 70-க்குக் கீழே போனாலே ஆபத்தின் தொடக்கம்.

இன்சுலின் போடுவோரும், கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உண்போரும், எத்தனை நாள் நடை, எந்த வேளை விரதம் என்பதைப் புறப்படுமுன் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். தாமாகவே நிறுத்திவிடுவதும் தவறு. மெட்ஃபார்மின் மட்டும் உண்போருக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. பகலெல்லாம் நடந்தவருக்கு இரவு உறக்கத்திலும் சர்க்கரை இறங்கலாம் என்பதால், படுக்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

இறங்கிவிட்டால், மூன்று தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம் குளுக்கோஸ் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுக்கலாம். அவசரத்துக்குக் கரும்புச் சாறோ நாட்டுச் சர்க்கரையோ பெரும்பாலோருக்கு உதவும். ஆனால் வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை உண்போருக்கு, அந்தச் சர்க்கரை குடலில் உடைவதையே மருந்து தடுத்துவிடுவதால், குளுக்கோஸ்தான் வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

வழிநெடுக அன்னதானப் பந்தல் போடும் அன்பர்கள், மோர்ப் பானைக்குப் பக்கத்தில் நான்கு குளுக்கோஸ் பொட்டலங்களும் ஒரு சர்க்கரை பார்க்கும் கருவியும் வைத்தால் பெரிய செலவாகிவிடாது. எங்கள் குழு இந்த ஆண்டு அவற்றை முதலுதவிப் பையில் சேர்த்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காங்கேயம்.