விலை தெரிந்தது, நிமிடக் கணக்கு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இளம் கால்பந்து வீரர் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். எந்த கிளப் எவ்வளவு கொடுத்து வாங்கியது, சம்பளம் எவ்வளவு, அவர் யாருடைய வாரிசு என்று எல்லாம் இருந்தது. வாங்கிய பிறகு அவர் மொத்தம் எத்தனை நிமிடம் களத்தில் நின்றார் என்பது மட்டும் இல்லை. '21 ஆட்டங்கள்' என்று ஒரு வரியோடு முடித்துவிட்டீர்கள்.

இந்த 'ஆட்டங்கள்' கணக்கை நம்பவே கூடாது. போன வாரம் ஒரு ஆட்டத்தில் 88-வது நிமிடத்தில் 19 வயதுப் பையன் ஒருவனை இறக்கினார்கள். அதுவரை முக்கால் மணி நேரம் கோட்டுக்கு வெளியே ஓடி ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். உள்ளே போன பிறகு பந்து அவன் காலில் பட்டது இரண்டே முறை. அதில் ஒன்று, த்ரோ-இன்னை வாங்கி எறிந்தவரிடமே திருப்பிக் கொடுத்தது. விசில் ஊதிவிட்டார்கள். பதிவேட்டில் அவனுக்கும் ஒரு ஆட்டம். முழு 90 நிமிடமும் ஓடிக் களைத்தவருக்கும் ஒரு ஆட்டம்.

பயிற்சியாளரையும் குறை சொல்ல முடியாது. நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அவர் வேலைக்கே ஆபத்து. சின்னப் பையனை வைத்துப் பரீட்சை பண்ண அவருக்கு எங்கே தைரியம் வரும்?

நார்வேக்காரர் மார்ட்டின் ஒடெகார்ட் 2015 ஜனவரியில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்பில் சேர்ந்தபோது வயது 16. அந்த மே மாதமே ரொனால்டோவுக்குப் பதிலாக மூத்த அணியில் இறங்கினார். அப்புறம்? ஒன்றரை வருடத்தில் மூத்த அணிக்காக ஆடியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். பயிற்சி பெரிய அணியோடு, ஆட்டம் இரண்டாம் அணியோடு. இரண்டு பக்கமும் ஒட்டவில்லை. 'அவ்வளவுதான், பையன் வீணாகிவிட்டான்' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவரோ லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு இரவலாக, ஹீரன்வீன், விட்டெஸ்ஸே, ரியல் சோசியடாட் என்று போய் வாராவாரம் ஆடினார். 2022-ல் இங்கிலாந்தின் ஆர்சனல் அணிக்கே கேப்டன்.

லோனில் அனுப்பினால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 14 வயதில் தொழில்முறை ஆட்டக்காரரான அமெரிக்கர் ஃப்ரெடி அடு, 2007-ல் போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்புக்குப் போனவர், அங்கிருந்து நாலு கிளப்புகளுக்கு லோனில் போனார். அதில் ஒன்றான மொனாக்கோவில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்ச்தான். ஆட வைக்காத இடத்துக்கு லோனில் போவதும் சொந்த கிளப்பில் உட்கார்ந்திருப்பதும் ஒன்றுதான்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: அளவுக்கு மீறி ஆட வைப்பது. ஸ்பெயின் வீரர் பெட்ரி 2020-21 சீசனில் பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்குமாக 70-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். யூரோ (ஐரோப்பியக் கோப்பை) முடிந்த கையோடு டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கும் அனுப்பினார்கள். வயது 18! அடுத்த சீசனில் தொடைத் தசைக் காயத்தால் மாதக்கணக்கில் வெளியே இருந்தார். இங்கிலாந்தின் மைக்கேல் ஓவன் 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக அடித்த கோலை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறு வருடம் ஏப்ரலில் லீட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பின்தொடைத் தசை கிழிந்தது. 2001-ல் ஆண்டின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருது வாங்கினார், சரி. ஆனாலும் அந்தத் தசை அவரைக் கடைசிவரை விடவில்லை.

அதனால் 18 வயதுக்காரரைப் பற்றி எழுதும்போது நான் தேடுவது இந்த நிமிடக் கணக்கைத்தான். ரொம்பக் குறைந்தால் கிளப்பைக் கேட்க வேண்டும். ரொம்பக் கூடினாலும் கிளப்பைத்தான் கேட்க வேண்டும், கூடவே தேசிய அணியையும். உங்கள் கட்டுரையோ 'எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்யவில்லை' என்று நேராகப் பையன் மேலேயே பழியைப் போட்டுவிட்டது.

அந்த 21 ஆட்டங்களில் எத்தனை முறை முதல் 11 பேரில் இருந்தார், எத்தனை முறை கடைசிப் பத்து நிமிடத்தில் இறங்கினார் என்பதை அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். விலைக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கும் ஒரு வாசகர்