‘ராக் பீச்’ பார்க்க வருகிறவர்களுக்கு

சனி, ஞாயிறுகளில் பாண்டிக்கு வந்துபோகும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் காந்தி சிலைக்குப் பின்னால் உங்களில் ஒருவர் தம் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “இதுதான்டா ராக் பீச். இங்கே மணலே கிடையாது, எல்லாம் இயற்கையான பாறை.” குறுக்கே புகுந்து பேசுவது மரியாதை இல்லை என்று பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

அது பாறை இல்லைங்க. லாரியில் வந்து இறங்கிய கருங்கல்.

நான் 1976-இல் பிறந்தவன். வளர்ந்தது குருசுக்குப்பத்தில், கடற்கரைச் சாலையின் வடக்கு முனையைத் தாண்டி நடந்தால் வரும் மீனவர் பகுதி. எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது கட்டுமரங்களை இழுத்துப்போட்டு, வலையைக் காயப்போட்ட பிறகும் நாங்கள் கிட்டிப்புள் ஆட இடம் மிச்சம் கிடக்கும். காலையில் கரைவலை இழுப்பார்கள். இரண்டு கயிறு, இரண்டு பக்கமும் ஆட்கள். பள்ளிக்கூடம் போகிற பையன்கள் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு நாங்களும் இழுப்பதாகப் பாவனை செய்வோம். வலை கரையேறியதும் ஆளுக்கு ஒரு கை காரப்பொடி மீன் கிடைக்கும். அதைச் சட்டைத் துணியில் ஏந்திக்கொண்டு போய் அம்மாவிடம் அடி வாங்கியது தனிக் கதை. மீன் நாற்றத்துக்காக அல்ல, டவுசர் பையில் இருந்த மணலுக்காக. வீடெல்லாம் மணல் என்று கத்துவார்.

அந்த மணலைத்தான் சொல்கிறேன்.

எங்கள் கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அலை தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடைக்காற்று மாதங்களில் கொஞ்சம் தெற்கே திருப்பிக் கொண்டுவரும். வரவும் செலவும் ஓரளவு சரியாக இருந்தவரை கரை நின்றது. 1980களின் பிற்பாதியில் நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்களை நீட்டினார்கள். வடக்கே வரவேண்டிய மணல் அந்தச் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. அலை மட்டும் வழக்கம்போல வந்து, இங்கே இருந்ததை எடுத்துக்கொண்டு போனது. கரை கரைந்ததும் கல்லைக் கொட்டினார்கள். கல் முடிகிற இடத்தில் கடல் அடுத்த குப்பத்தைப் பிடித்தது, அங்கேயும் கல். அப்படியே வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே ஏறி, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் சின்ன முதலியார்சாவடி வரை அரிப்பு போய்விட்டது.

கல்லைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2004 சுனாமியில் நகரத்தின் நடுப்பகுதி பிழைத்ததில் கடற்கரைச் சுவருக்கும் இந்தக் கல்லுக்கும் பெரிய பங்கு உண்டு. சுனாமியைப் பார்த்த எவனும் அதை மறுக்க மாட்டான். ஆனால் கல்லில் படகு ஏற்ற முடியாது, கரைவலை இழுக்க முடியாது.

சரி, உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். செல்ஃபிக்காகக் கல்லில் இறங்காதீர்கள். கீழ்க்கல் முழுக்கப் பாசி. இடுக்கில் கால் மாட்டினால் அடுத்த அலை காத்திருக்காது. பீர் பாட்டிலை அந்த இடுக்கில் செருகிவிட்டுப் போகாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் பீச் பக்கமே வருவதில்லை, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நாங்கள் வருவது விடிகாலையில். மாலை ஆறு மணிக்கு அடைத்த சாலையைக் காலை ஏழரைக்குத்தான் வண்டிகளுக்குத் திறப்பார்கள். அதற்குள் நடந்துவிட்டு, பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த சொல்தா தாத்தாக்களின் அரட்டையையும் கேட்டுவிட்டுப் போவது என் அப்பா காலத்துப் பழக்கம். இப்போது தாத்தாக்கள் குறைந்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் வந்தால் காந்தி சிலைக்கு எதிரே தண்ணீரில் நிற்கும், கப்பல் சரக்கு இறக்கக் கடலுக்குள் நீட்டிய பழைய பாலத்தின் மிச்சத் தூண்களை நிதானமாகப் பார்க்கலாம். 1952 புயலில் போனது அது. தெற்கே பிறகு கட்டிய பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் சரிந்துவிட்டது. எங்கள் கடலுக்குப் பாலம் என்றால் ஆகாது போலிருக்கிறது.

அப்புறம், அந்தப் பையனின் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. 2018-19 வாக்கில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் யோசனைப்படி கடலுக்கடியில் ஒரு தடுப்பை இறக்கினார்கள். அதன்பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பி வந்தது. நாளைப் பொறுத்துக் கூடும், குறையும். அடுத்த முறை பிள்ளையை அங்கே கூட்டிப்போய் உட்கார வையுங்கள். வீட்டுக்குப் போனதும் டவுசர் பையை உதறிப் பாருங்கள்.

இப்படிக்கு,
குருசுக்குப்பத்துக்காரன்