அசையாமல் நிற்பதற்கு 86 ரிங்கிட்

சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. கண் புரையை எடுத்த பிறகு இப்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. தெரிந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் பிழைதான்.

கோயில் திருவிழாக் கணக்கை ஆங்கிலத்தில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பேனா, ரசீதுப் புத்தகம், கடித உறை எல்லாம் சேர்த்து 'ஸ்டேஷனரி, 86 ரிங்கிட்' என்று போட்டிருந்தேன். பேத்தி பார்த்துவிட்டு, "அசையாமல் நிற்பதற்கா தாத்தா 86 ரிங்கிட்?" என்றாள். 'ஆர்' (r) எழுத்துக்கு முன்னால் 'ஈ' (e) வர வேண்டிய இடத்தில் 'ஏ' (a) போட்டிருக்கிறேன். 'ஏ' வந்தால் நின்றுகொண்டிருக்கும் பஸ். 'ஈ' வந்தால் எழுதுபொருள். பத்துப் பெட்டி வாங்கினாலும் எழுதுபொருளுக்குப் பன்மை 'ஸ்' சேர்க்கக் கூடாதாம். அதுவும் அவள் சொன்னதுதான். தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து மாதந்தோறும் இதே சொல்லை எழுதினேன். ஒரு துரைகூடத் திருத்தவில்லை. அவர்களுக்கும் தெரியாதோ என்னவோ!

விசாரித்தால் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் 'நிற்றல்' என்பதுதான் வேர். நம் 'நில்'லிலிருந்து நிலை, நிலையம் வரவில்லையா, அப்படித்தான். இடைக்கால ஐரோப்பாவில் சுற்றித் திரிந்து விற்றவர்களுக்கு நடுவே, பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர் 'ஸ்டேஷனர்'. பேக்கரின் கடை பேக்கரி என்றால், ஸ்டேஷனர் விற்பது ஸ்டேஷனரி. 'ஈ' வந்த வழி இதுதான். லண்டனில் அவர்களுடைய சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது 1557இல். நம் மெர்டேக்காவுக்கு, அதாவது 1957 சுதந்திரத்துக்கு, சரியாக 400 ஆண்டு முன்னால்.

இதைப் படித்ததும் எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. சம்பளத்தன்று துணிமூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலுக்கு ஒரு பாய் வருவாரே? நோட்டுப் புத்தகத்துக்கு மட்டும் நாம் டவுனுக்கு நடக்க வேண்டும். முக்காலியை விட்டு எழாமல் மணிச்சட்டம் தட்டும் அந்தச் சீனர் கடையில், மண்ணெண்ணெய் வாடையோடுதான் நோட்டு கைக்கு வரும். அவர்தான் நம் ஸ்டேஷனர்!

கணக்கில் 'ஏ'யை அடித்து 'ஈ' போட்டுவிட்டேன். அடித்த இடத்தில் கையெழுத்து வேண்டும் என்று செயலாளர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். தைப்பூசத்துக்கு வருகிறாயா? பதில் போடு.

உன் பழைய பெஞ்சுத் தோழன்