தொப்பி அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு பதினாறு நாள். நேற்றுப் பின்னேரம் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தானே பிடித்துக் குடித்தார். குடித்துவிட்டுச் சீனி காணாது என்று குறை சொன்னார். அம்மா குறை சொல்லத் தொடங்கிவிட்டார் என்றால் இனிப் பயமில்லை என்பது அவரைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் என்னோடு அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றவர்கள், மீதிப் பேர் இரவிரவாகத் தொலைபேசியில் நின்றவர்கள். ஆகவே அதை மறுபடியும் சொல்லப் போவதில்லை. சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை. ஆனால் உங்களில் யாரும் பார்த்திராத ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அம்மா அவருக்கு வைத்த பெயர் தொப்பி அக்கா.

டிசம்பர் மாதம், முதல் வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். காசு போட்டால் சிப்ஸ் தள்ளிவிடும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பசித்ததா என்று கேட்டால் தெரியாது, கால் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தது. பின்னால் இருந்து ஒரு குரல், "சாப்பிட்டாயா?" என்று. ஆங்கிலத்தில்தான் கேட்டார். ஆனால் திரும்பிப் பார்க்கும்போது ஊர் மனுஷி ஒருவர் நிற்பார் என்றே நினைத்தேன். ரொறன்ரோவில் இத்தனை வருடத்தில் முன்பின் தெரியாதவர்கள் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டிருக்கிறார்கள், பதிலுக்கு நிற்காமல் போயும் இருக்கிறார்கள். சாப்பிட்டாயா என்று யார் கேட்டார்கள்?

எண்பதை நெருங்கும் ஒரு யூதப் பெண்மணி. நீலத் தொப்பி, நீளப் பாவாடை, கையில் தள்ளுவண்டி. வண்டியில் பின்னல் போட்ட பாண், சூப் டப்பாக்கள். நடைபாதையின் கடைசியில் இருக்கும் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கதவை நான் ஒரு கிழமையாகக் கடந்து போயிருக்கிறேன், பொருட்கள் போட்டுவைக்கும் அறையாக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒரு குளிர்சாதனப் பெட்டி, இரண்டு மைக்ரோவேவ் (ஒன்று பாலுக்கு, மற்றது இறைச்சிக்கு), பிரார்த்தனைப் புத்தகங்கள், பற்றரியில் எரியும் மெழுகுதிரிகள். ஒட்சிசன் ஓடும் இடத்தில் தீக்குச்சி கிழிக்க விடமாட்டார்கள் அல்லவா, அதனால் வெள்ளி பின்னேரம் தொடங்கும் சபாத் என்ற ஓய்வு நாளுக்கான விளக்கும் பற்றரியில்தான். நோயாளிகளின் குடும்பங்களுக்காக யூத சமூகத்துத் தொண்டர்கள் நடத்தும் அறை. 'பிக்கூர் ஹோலிம்' என்று சொன்னார். நோயாளியைப் போய்ப் பார்ப்பது என்று அர்த்தமாம். அவர்களுக்கு அது விருப்பமிருந்தால் செய்யும் உபகாரம் இல்லை, கடமை.

"நான் யூதர் இல்லையே, எனக்கு ஏன்?" என்று நான் கேட்டுவிடுவேனோ என்று பயந்தவர் போல, நான் வாய் திறக்குமுன்னரே கோழி சூப் ஒன்றை நீட்டினார்.

எனக்கு அந்தரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை, நான் மரக்கறி. அம்மா இருக்கிற நிலையில் அந்த வெள்ளியை விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. தட்டுத் தடுமாறிச் சொன்னேன். வேறு யாராயிருந்தாலும் "ஓ, சரி" என்று ஒரு வாழைப்பழத்தைத் தந்துவிட்டுப் போயிருப்பார்கள். இவருக்கோ உற்சாகம் வந்துவிட்டது. சாப்பாட்டில் விதி வைத்திருக்கும் இன்னொரு ஆளைக் கண்ட சந்தோஷம்! மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். 'பார்வே' என்று எழுதியிருந்தால் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை. "ஆனால் கவனம், மீனும் முட்டையும் எங்களுக்குப் பார்வேதான். உங்களுக்கு?" என்றார். எங்களுக்கு அது இரண்டும் மச்சம், அசைவம். சரி என்று ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து, இதில் முட்டை, இதில் மீன், இதில் முட்டை என்று வாசித்துக்கொண்டே போனார். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். கடைசியில் அடியில் இருந்து ஒரு பருப்புச் சூப் அகப்பட்டது. அந்தப் பத்து நிமிடமும் நான் கதிரையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு முதல்தடவையாக, என்ன செய்வது என்ற யோசனை இல்லாமல்.

அதன்பின் அம்மாவைப் பார்க்கலாமா என்று கேட்டார். கேட்டது என்னிடம் இல்லை. என்னோடு வந்து வாசலில் நின்று, அம்மாவிடமே கேட்டார். அம்மா அப்போது இரண்டு நாளாக யாரோடும் கதைக்கவில்லை. கண்ணை மட்டும் அசைத்தார்.

பெயர் கேட்டார், சொன்னேன். "அம்மாவின் அம்மாவுக்கு என்ன பெயர்?" என்று அடுத்த கேள்வி. அவர்களுடைய வழக்கத்தில் நோயாளிக்காக வேண்டும்போது தகப்பன் பெயர் சொல்வதில்லை. இன்ன தாயின் மகள் இன்னார் என்றுதான் சொல்வார்களாம். ஜெபாலயத்தில் தங்கள் வேதமான தோராவை வாசிக்கும் நேரத்தில் அப்படி ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேண்டுவார்களாம்.

நான் முழித்தேன். எனக்கு அவர் அம்மம்மா, அவ்வளவுதான். அம்மாவின் கடவுச்சீட்டில் தாத்தாவின் பெயர் இருக்கிறது, அப்பாவின் பெயர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில்கூட அத்தனை நாளும் அம்மாவை அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டார்கள், எல்லாப் படிவத்திலும் கடைசிப் பெயராக நிற்பது அதுதானே. அம்மம்மாவின் பெயரை எந்தப் படிவமும் எங்களிடம் கேட்டதில்லை.

"என்ரை அம்மான்ரை பேரையோ கேக்கிறா?"

கட்டிலில் இருந்து வந்தது அந்தக் குரல். கரகரத்து, பாதி காற்றாக வந்தாலும் அம்மாவின் குரல். பிறகு பெயரைச் சொன்னார். தொப்பி அக்காவுக்குப் பிடிபடவில்லை. அம்மா திருப்பிச் சொன்னார். மூன்றாவது தடவை எழுத்தெழுத்தாகப் பிரித்து, பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். அவர் சின்னக் கொப்பி ஒன்றில் ஹீப்ரு எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டார். தாதி எட்டிப் பார்த்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட ஓடினார்.

அதிசயம் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மருந்து வேலை செய்திருக்கும், அன்றைக்கு வராவிட்டால் அடுத்த நாள் குரல் வந்திருக்கும் என்றார் மருத்துவர். இருக்கட்டும். எனக்கு ஞாபகம் இருப்பது அந்தக் கேள்விதான்.

அன்று அவர் அதிக நேரம் இருக்கவில்லை. டிசம்பரில் ரொறன்ரோவில் ஐந்து மணிக்கு முன்னரே பொழுது பட்டுவிடும். அதற்குப் பதினெட்டு நிமிடம் முந்தி வீட்டில் விளக்கேற்ற வேண்டும், அதற்குப் பிறகு வாகனத்தில் ஏறமுடியாது. "ரெஃபுவா ஷ்லேமா" என்று சொல்லிவிட்டுப் போனார். பூரண சுகம் என்று பொருள். பிறகு செவ்வாய், வெள்ளி என்று அம்மா வெளியேறும்வரை வந்துகொண்டிருந்தார். (இடையில் ஒரு சனிக்கிழமை எல்லா மாடியிலும் நின்று நின்று போகும் சபாத் லிப்டில் தெரியாமல் ஏறி, ஒன்பதாம் மாடிக்குப் போவதற்குள் நான் அரைத் தூக்கம் போட்டது வேறு கதை.)

தல்மூத் என்ற அவர்களுடைய பழைய சமய நூலில் ஒரு கணக்கு இருப்பதாக ஒருநாள் சொன்னார். நோயாளியைப் பார்க்கப் போகிறவர் நோயின் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறாராம். அப்படியானால் அறுபது பேர் போனால் சுகமாகிவிடுமே என்று அங்கேயே ஒருவர் கேட்கிறார். இல்லை, ஒவ்வொருவரும் மிச்சமிருப்பதில்தான் அறுபதில் ஒன்று எடுப்பார், அதுவும் நோயாளிக்கு ஒத்தவராக இருக்க வேண்டும் என்று பதில். ஒத்தவர் என்றால் ஒரே வயது என்பார்கள், ஒரே நட்சத்திரம் என்றும் விளக்கம் சொல்வார்களாம். அம்மாவுக்கு எழுபத்தெட்டு, அவருக்கு எழுபத்தொன்பது. "ஒரு வயசுதானே கூட, காணும்" என்றார் அம்மா. அதே இடத்தில் ரபி அக்கிவா என்ற பழைய காலத்து யூத குருவின் கதையும் வருகிறது. யாருமே எட்டிப் பார்க்காமல் கிடந்த ஒரு மாணவனைப் பார்க்க அவர் போகிறார். அவர் போனதால் அந்த இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளிக்கிறார்கள், அவன் எழுந்துவிடுகிறான். அம்மாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துக்கொண்டது. மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. கூட்டித் தண்ணீர் தெளித்ததுதான். அம்மா ஊரில் விடிய எழும்பி ஒவ்வொரு நாளும் செய்த வேலை.

இவர்கள் இந்த நகரத்தில் இதை எப்போது தொடங்கினார்கள் என்று பிறகு தேடிப் பார்த்தேன். 'எஸ்ராஸ் நோஷிம்' என்று ஒரு பெண்கள் சங்கம். வந்து குடியேறிய, கையில் பெரிதாக ஒன்றும் இல்லாத பெண்கள். வீடு வீடாகக் காசு சேர்த்து, முதியோருக்கு 1918இல் செசில் தெருவில் ஓர் இல்லம் எடுத்தார்கள். இன்றைக்கு பேக்ரெஸ்ட் என்று நாங்கள் அறிந்த முதியோர் நிலையம் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1920களில் யோர்க்வில்லில் ஒரு சின்ன மகப்பேற்று ஆஸ்பத்திரி, அதுதான் பின்னாளில் மவுண்ட் சைனாய் ஆஸ்பத்திரி. மொழி விளங்காத, யூத விதிப்படி ஆக்கிய கோஷர் சாப்பாடு இல்லாத ஆஸ்பத்திரிகளில் தங்கள் ஆட்கள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள். மொழி விளங்காத ஆஸ்பத்திரி என்றால் என்னவென்று எங்களுக்கும் தெரியும்.

சரி, மற்றவர்களுக்கு வருகிறேன். ஒவ்வொருவராக எழுதினால் இந்த மடல் முடியாது, கோபிக்க வேண்டாம். இரவுக் கடமையில் அம்மாவின் தலையை வாரிப் பின்னிவிட்ட பிலிப்பீன்ஸ் தாதிக்கு, பனிக்குள் என்னை ஏற்றி இறக்கிய மச்சானுக்கு, என் வேலையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட அலுவலகத் தோழிகளுக்கு, கேட்காமலே இடியப்பமும் சொதியும் கொண்டுவந்த மாமிக்கு, வீட்டு வாசலில் பனி அள்ளிவிட்டுப் பெயர் சொல்லாமல் போன பெடியனுக்கு, ரிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்ட எல்லோருக்கும், நன்றி. பாத்திரங்களைக் கழுவி வைத்திருக்கிறேன். எது யாருடையது என்றுதான் தெரியவில்லை.

பாத்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதில் அம்மா பிடிவாதம். தொப்பி அக்கா தந்ததெல்லாம் எறிந்துவிடும் டப்பாக்களில்தான், ஆனாலும் அம்மாவுக்குக் கணக்குக் கணக்குத்தான். வடை சுட்டுக் கொடு என்றார். கோஷர் இல்லாத எங்கள் அடுப்பில் சுட்டதை அவர் சாப்பிடமுடியாது என்றேன். அப்படியென்றால் அவர் பெயருக்கு ஓர் அர்ச்சனை என்றார். அவர்களுடைய சமயத்தில் சிலை வணக்கமே கூடாது, நல்லது செய்யப்போய் அவர் மனம் நோகும் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அவவின்ரை தாய்க்கு என்ன பேர் எண்டு கேள். மனசுக்குள்ளை வேண்டிறன், அதுக்கு ஐயரும் தேவையில்லை, சிலையும் தேவையில்லை."

கேட்டேன். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அந்தப் பெயர் அம்மாவிடமும் என்னிடமும் இருக்கட்டும், இங்கே எழுதவில்லை.

வெட்டாத முழுப் பழம் என்றால் அவருக்குச் சரியாம். மாம்பழத்துக்கு இது காலம் இல்லை. ஸ்காபரோவில் ஒரு பெட்டி மாதுளம்பழம் வாங்கி, பாதியை அந்த அறையில் கொண்டுபோய் வைத்தேன்.

இன்னும் ஒன்று. அவர் தனியாக இருக்கிறார் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. கணவர் இல்லை, பிள்ளைகள் வேறு நாட்டில். தனியாக இருக்கும் முதியவர்களுக்குத் தொலைபேசி எடுத்துச் சுகம் விசாரிக்கும் தொண்டர்கள் இருக்கிறார்கள், அவருக்கும் ஒருவர் எடுப்பாராம். அந்த அழைப்பு வந்து முடிந்ததும் இவர் தன்னுடைய பட்டியலை எடுத்து மற்றவர்களுக்கு அடிப்பார். அதில் இப்போது அம்மாவின் பெயரும் இருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலத்தில் பத்துச் சொல் தெரியும், அவருக்குத் தமிழில் 'அக்கா' மட்டும். இருபது நிமிடம் கதைக்கிறார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

அம்மாவின் கட்டிடத்தில், அதே மாடியில், ஊரில் பள்ளிக்கூடம் படிப்பித்த ஒரு ரீச்சர் தனியாக இருக்கிறார். நாலு வருடமாக லிப்டில் கண்டு தலையாட்டியிருக்கிறேன், கதவைத் தட்டியதில்லை. போன ஞாயிறு தட்டினேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் தட்டுவேன். உங்கள் முன்னிலையில் எழுதி வைக்கிறேன், விட்டுவிட்டால் கேளுங்கள்.

மாதுளம்பழம் கிடைத்த அன்று தொப்பி அக்கா அம்மாவிடம் ஒரு சேதி சொல்லச் சொன்னார்: அவர்களுடைய தோராவில் 613 கட்டளைகள், மாதுளையிலும் 613 விதை என்று ஒரு நம்பிக்கை. "எண்ணிப் பாத்தவையோ?" என்று கேட்டார் அம்மா. விரலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று பயிற்சி கொடுக்க வந்த பிள்ளையும் சொல்லியிருந்தது. ஆகவே இன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்து, ஒரு பழத்தைப் பிளந்து, பத்துப் பத்தாகப் பிரித்து வைத்து எண்ணத் தொடங்கினார். இடையில் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை, கணக்குப் பிழைத்துவிடுமாம். இருநூற்று நாற்பதில் தொலைபேசி அடித்தது. இரண்டு மணி, வெள்ளிக்கிழமை.

"எடுத்துச் சொல்லு பிள்ளை, நான் எண்ணிக்கொண்டிருக்கிறன், ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லு."