ஈரத்துணியில் சுற்றிவைத்த களிமண்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டேன். "சின்ன வயதில் உனக்கு அப்படி நடந்ததால்தான் ஆண்கள்மீது ஈர்ப்பு வந்திருக்கிறது. காயம் ஆறினால் அதுவும் சரியாகிவிடும்" என்று அந்த ஆலோசகர் சொன்னதாகச் சொல்கிறாயே, அந்த இடம். அதற்குப் பிறகு உன் குரலில் கோபம்கூட இல்லை. "இனி யாரிடமும் போக மாட்டேன் அக்கா" என்று முடித்துவிட்டாய்.

உன் ஒப்புதலோடு, உன்னை அடையாளம் காட்டும் எதையும் சேர்க்காமல், இதைப் பொதுவில் எழுதுகிறேன். இதே வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

முதலில் அந்த வாக்கியத்தை உன் தலையிலிருந்து இறக்கிவைக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல். உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990 மே 17 அன்று. 2022இல் நடைமுறைக்கு வந்த அதன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, திருநர் அடையாளத்தையும் மனநலக் கோளாறுகளின் பகுதியிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. இதெல்லாம் உன் எதிரே உட்கார்ந்திருந்தவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை. அவர் படிக்காமல் விட்டதற்கு நீ கட்டணமும் கட்டி, அழுதுவிட்டும் வந்திருக்கிறாய். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அதே பதினோராம் பதிப்பில் நீ தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. தப்பிக்க வழியில்லாமல், பெரும்பாலும் நீண்ட காலம் அனுபவித்த கொடுமை மனிதரை என்ன செய்யும் என்பதற்கு அதில் தனிப் பெயரே இருக்கிறது: சிக்கலான பேரதிர்ச்சிப் பின்விளைவுக் கோளாறு. நடந்தது திரும்ப நடப்பதுபோல் தோன்றுவது, நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்து உடல் விறைத்திருப்பது ஆகியவற்றோடு மூன்று அறிகுறிகளைச் சேர்த்துச் சொல்கிறார்கள். உணர்ச்சிகள் கைமீறிப்போவது, தன்னை ஒன்றுக்கும் உதவாதவனாக நினைப்பது, நெருங்கியவர்களோடு நெருக்கமாக இருக்க முடியாமல் தவிப்பது. உனக்கு அது இருக்கிறது என்று முடிவுகட்ட நான் யார்? தகுதியுள்ளவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் யோசித்துப் பார். "நான் அசிங்கமானவன்" என்று அடிக்கடி சொல்வாயே, அந்த எண்ணத்தின் சாயல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆணை நேசிப்பது அதில் எங்குமே இல்லை.

என் கதைக்கு வருகிறேன். நான் பார்த்த முதல் ஆலோசகரும் உன்னுடையவரைப் போலத்தான், விட்டுவிடுவோம். இரண்டாமவர் நல்ல மனிதர். "எனக்கு எல்லோரும் சமம்தான்" என்றார், மனதாரத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு வாரமும் பாதி நேரம் நான் அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், ஏன் வீட்டில் சொல்லவில்லை, சொல்லாமல் இருப்பது ஏன் பொய்யாகாது. சமமாக நடத்துவதற்கு நல்ல மனது போதும், சிகிச்சைக்குப் போதாது. இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003இல் எழுதிய கட்டுரையில், நம்மைப் போன்ற சிறுபான்மையினர் கூடுதலாகச் சுமக்கும் பாரங்களைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஒதுக்கப்படுவது ஒரு பாரம். ஒதுக்கிவிடுவார்களோ என்று எதிர்பார்த்தே வாழ்வது தனிப் பாரம். மறைப்பது இன்னொன்று. ஊர் சொன்ன இழிவை நாமே நம்பத் தொடங்குவது மற்றொன்று. இந்தப் பாரம் எல்லோர் தோளிலும் ஒரே அளவில் இல்லை. அதை அறிந்தவர் முன்னால்தான் நீ உன் காயத்தைத் திறக்க வேண்டும்.

மூன்றாமவர் கலைவழிச் சிகிச்சையில், அதாவது வரைவது, மண் பிசைவது போன்றவற்றின் வழியே மனதை ஆற்றும் முறையில், பயிற்சி பெற்றவர். இரண்டாவது சந்திப்பில் எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் ஒரு உருண்டைக் களிமண்ணையும் கிண்ணத்தில் தண்ணீரையும் என் முன்னால் வைத்தார். நான் எதையும் செய்யவில்லை, தட்டையாக்கிக்கொண்டே இருந்தேன். ஓரங்களில் வெடிப்பு விடும். விரலைத் தண்ணீரில் தொட்டு அடைப்பேன். திரும்பவும் விடும். திரும்பவும் அடைப்பேன். அரை மணி நேரம் போயிருக்கும். "வெடிப்பு வந்த உடனே அடைத்துவிடுகிறீர்கள். விட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்தது, விரல்கள் சில்லிட்டுப்போயின. அவர் மேற்கொண்டு தோண்டவில்லை. பாதங்களைத் தரையில் அழுத்தச் சொன்னார், அறையில் நீல நிறத்தில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டார். மூச்சு சீரானதும், இருவருமாக அந்த மண்ணை ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் வைத்தோம். அடுத்த வாரம் திறந்தபோது ஈரமாகவே இருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

மண்ணைக் கொடுக்க யாராலும் முடியும், துணியில் சுற்றிவைக்கத் தெரிந்தவரைத்தான் நீ தேட வேண்டும். ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992இல் மீட்சியை மூன்று கட்டங்களாக விளக்கினார். பாதுகாப்பை நிலைநாட்டுவது முதலில் வருகிறது. நினைவுகூர்ந்து துக்கப்படுவது அதற்குப் பிறகுதான். வாழ்க்கையோடு மீண்டும் இணைவது மூன்றாவது. முதல் நாளே "எல்லாவற்றையும் கொட்டிவிடு" என்கிறவர் அவசரப்படுகிறார். முழுக் கதையையும் சொல்ல வேண்டிய கடமை உனக்கு இல்லை, முதல் மாதத்தில்கூட இல்லை.

"எனக்கு வரையவே தெரியாதே" என்பாய். கலைச் சிகிச்சை என்ற சொல்லை 1942இல் உருவாக்கிய ஏட்ரியன் ஹில் ஓவியர்தான். காசநோய் விடுதியில் படுத்திருந்தபோது வரைவது தனக்குத் தந்த ஆறுதலைக் கண்டு, அங்கிருந்த மற்ற நோயாளிகளையும் வரையவைத்தார். அவர்கள் ஓவியர்கள் இல்லை. திறமையை யாரும் பார்க்கப்போவதில்லை.

இந்த முறை நீ போய் உட்கார்ந்து அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லாதே. நீ கேள். "என் ஈர்ப்புக்கும் எனக்கு நடந்ததற்கும் தொடர்பு இருப்பதாக நினைக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்டுவிடு. சுற்றிவளைத்தால் எழுந்து வந்துவிடலாம். நடுவில் நீ உறைந்துபோனால் என்ன செய்வார்கள் என்று கேள். அதற்கு வேகமான பதிலைவிட நிதானமான பதில் நல்லது. படத்தையோ கவிதையையோ நீ செய்த பிறகு அதற்கு யார் பொருள் சொல்வார்கள் என்பது முக்கியம். கறுப்பு நிறம் அதிகம், ஆகவே சோகம் என்று ஜோசியம் சொல்கிறவர் வேண்டாம். எந்தக் கலையில் எங்கே பயிற்சி பெற்றார், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்கிறாரா என்றும் விசாரி. வண்ணப் பென்சில் வைத்திருப்பவர் எல்லோரும் கலைவழிச் சிகிச்சையாளர் இல்லை. நம்மைப் போன்றவர்களை வரவேற்கும் அடையாளமாக வானவில் படத்தை மாட்டியிருப்பதும் அப்படித்தான், அழைப்பு என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள். அவரும் நம்மைப்போல் பால்புதுமையினராக (குயர்) இருந்தால் இதமாக இருக்கும், கட்டாயம் இல்லை.

இன்னொன்றை நான் தாமதமாகத்தான் கற்றேன். நீ வரைந்தவை எங்கே இருக்கும்? வீட்டில் இன்னும் சொல்லாத நீ அவற்றைப் பையில் வைத்துக்கொண்டு வர முடியாது. அவர்களே பூட்டிவைப்பார்களா, யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிடு. ரசீதிலும் போனில் வரும் நினைவூட்டலிலும் என்ன எழுதியிருக்கும் என்றும் கேள். உன் பாதுகாப்பு இதில் இருக்கிறது, கூச்சப்படாதே.

பொருத்தமானவர் கிடைக்கும்வரை மனது தாங்காத இரவு வந்தால், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், நல்ல சிகிச்சையாளருக்காகக் காத்திருக்காதே. உடனே அவசரச் சிகிச்சைக்குப் போ, போகும்போதே எனக்கும் போன் செய். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

இப்போது ஒரு சின்ன வேலை. கீழே உள்ளதை உன் சொற்களில் மாற்றிக்கொள்:

"வணக்கம். நான் ஆண்களை நேசிக்கும் ஆண். அதை மாற்றிக்கொள்ள வரவில்லை. சிறுவயதில் நடந்த ஒன்றிலிருந்து மீள உதவி தேவை. பேசுவதைவிடக் கையால் ஏதாவது செய்வது எனக்கு எளிது. முதலில் 15 நிமிடம் பேசி, சில கேள்விகள் கேட்க முடியுமா?"

இரண்டு மூன்று பேருக்கு அனுப்பு. வரும் பதில்களை எனக்கும் அனுப்பு, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அக்கா